காரைக்குடியில் ஜாஸ்: மற்ற மூவரின் வேலை

ஜாஸ் கற்க விரும்பி என்னிடம் வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது சோலோ, அதாவது தனித்து வாசிப்பதைப் பற்றித்தான். எந்தக் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) எந்த ஸ்கேல் (ஸ்வர வரிசை), எவ்வளவு வேகம், ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் போல விரல் ஓட என்ன பயிற்சி என்று கேட்பார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் மேடையில் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நால்வர் சேர்ந்து ஏழெட்டு நிமிடம் வாசிக்கும் ஓர் உருப்படியில் சாக்ஸபோன்காரருக்குத் தனியாகக் கிடைப்பது இரண்டு நிமிடம். தொடக்கத்திலும் முடிவிலும் மெட்டை வாசிப்பதையும் சேர்த்துக்கொண்டால் பாதி நேரம் வரலாம். மிச்சப் பாதியில் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அப்போது மற்றவர்கள் செய்வது நமக்குப் புரிகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே நம்முடைய அந்த இரண்டு நிமிடம் அமையும்.

நான் ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவன். இருப்பு காரைக்குடியில். விடுதிகளாக மாறிய பழைய செட்டிநாட்டு வீடுகளில் குளிர்காலத்து மாலைக் கச்சேரிகள், முகூர்த்த மாதங்களில் கல்யாண வரவேற்புகள், டிசம்பரில் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் பாடல்கள், இடையிடையே மதுரை, சென்னை என்று பிழைப்பு ஓடுகிறது. காரைக்குடி சகோதரர்களின் வீணையாலும் காரைக்குடி மணியின் மிருதங்கத்தாலும் பெயர் பெற்ற ஊர் இது. ஆனாலும் ஜாஸ் வாசிக்கும் குழு என்று நிலையாக ஒன்று இங்கே கிடையாது. பெருநகரத்தில் இருப்பவர் நல்ல டிரம்ஸ்காரரோடும் பேஸ்காரரோடும் அடிக்கடி சேர்ந்து வாசித்தே அவர்கள் வேலையைத் தெரிந்துகொள்வார். எனக்கு அந்த வசதி இல்லாததால் டிரம்ஸ், பேஸ், பியானோ என்ற மூவரின் வேலையையும் நானே உட்கார்ந்து கற்க வேண்டியிருந்தது. என் வாசிப்பு நிறைவு பெற்றது அதனால்தான் என்பது என் உறுதியான எண்ணம். வசதியுள்ள ஊரில் இருப்பவர்களுக்கும் இதே வழியைத்தான் சொல்வேன்.

தாளத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த மண் எனக்கு அதிகம் கொடுத்தது அதில்தான். குன்றக்குடிப் பக்கம் ஒரு தவில் வித்துவான் இருக்கிறார். வயதில் மூத்தவர், அண்ணன் என்று அழைப்பேன். கோயில், கல்யாணம் என்று ஓயாமல் போய்வருபவர். ஓய்வான பிற்பகல்களில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழைய ஜாஸ் பதிவுகளைச் செல்பேசியில் போட்டுக் காட்டுவேன். முதல் பதிவைக் கேட்டதுமே, "தம்பி, சமத்தில் ஆளைக் காணோம். இரண்டிலும் நான்கிலும் மட்டும் யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறாரே, அது யார்?" என்று கேட்டார். சமம் என்றால் தாளத்தின் முதல் அடி. இரண்டிலும் நான்கிலும் அவர் கேட்டது, ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டை டிரம்ஸ்காரரின் இடது கால் மூடுகிற ஓசை. பல ஆண்டுகளாக ஜாஸ் கேட்பவர்கள்கூட அதைத் தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. அண்ணனுக்கு எடுத்த எடுப்பில் பிடிபட்டது.

ஜாஸுக்கே உரிய நடையான ஸ்விங் என்றால் என்ன என்பதை அவர் சொல்லிப் பார்த்தே கண்டுபிடித்தார். ஒவ்வோர் அடியையும் இரண்டாகப் பிரித்தால் முதல் பாதி நீண்டும் இரண்டாம் பாதி குறுகியும் விழ வேண்டும். தகிட, தகிட என்று திஸ்ரத்தில், அதாவது மூன்று மூன்றாக, சொல்லிக்கொண்டே நடுவில் உள்ள 'கி'யை மட்டும் வெளியே விடாமல் விழுங்கினால், த - ட, த - ட என்று அந்த நடை தானாக வந்துவிடும். இது நடுத்தர வேகத்துக்குப் பொருந்தும். வேகம் கூடக் கூட இரண்டு பாதிகளும் சமமாகிக்கொண்டே போகும். மிக வேகமான உருப்படிகளில் திஸ்ரத்தைப் பிடித்துத் தொங்கினால் வாசிப்பு நொண்டும். ஆகவே ஒரே வரியை மெதுவாகவும் நடுத்தரமாகவும் வேகமாகவும் வாசித்து, அந்தச் சாய்வு எப்படிக் குறைகிறது என்று காதால் உணர்ந்து பழகுங்கள்.

மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 ஒலியில் வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு ஒலியையும் இரண்டாம் அடியாகவும் நான்காம் அடியாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றையும் மூன்றையும் நீங்களே மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போது உண்மையான வேகம் 120 ஆகிறது. சமத்தில் கைபோட்டுப் பழகிய நமக்கு இது முதலில் தலைகீழாகத் தோன்றும். பழகிய பிறகு வாசிப்பின் கனம் இடம் மாறுவது தெரியும்.

ஜாஸில் அடிக்கடி வரும் ப்ளூஸ் என்ற பாட்டு வடிவம் எனக்கே முழுதாகத் தெளிந்தது அதை அண்ணனுக்கு விளக்கியபோதுதான். ஒரு சுற்றுக்கு 12 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு கூறு), பாருக்கு நான்கு அடி, மொத்தம் 48. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் என்பதால் கச்சிதமாக ஆறு ஆவர்த்தனம். அவர் தொடையில் தாளம் போட, கார்டு மாறும் இடங்களை நான் சொல்லிக்கொண்டே போனேன். முதல் இரண்டு ஆவர்த்தனமும் ஷட்ஜத்தை ஆதாரமாகக் கொண்ட கார்டு. மூன்றாவது ஆவர்த்தனத்தின் சமத்தில் மத்திமத்தின் கார்டு. நான்காவதில் மறுபடி ஷட்ஜம். ஐந்தாவதன் சமத்தில் பஞ்சமம், அதே ஆவர்த்தனத்தின் முதல் திருதத்தில் (ஐந்தாம் அட்சரத்தில்) மத்திமம். ஆறாவதில் ஷட்ஜத்துக்குத் திரும்பினால் ஒரு சுற்று முடிந்தது. முக்கியமான மாற்றங்கள் எல்லாம் கை கீழே இறங்கும் இடத்தில்தான் விழுகின்றன. இதைப் பார்த்த பிறகு, மேடையில் சுற்று எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய நிலை எனக்கு வந்ததில்லை. கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு ஜாஸுக்கு வருபவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் முதல் பாடமாக வைக்கிறேன்.

டிரம்ஸ்காரரோடு மாறி மாறி நான்கு நான்கு பாராக வாசிக்கும் வழக்கம் ஜாஸில் உண்டு. எட்டில் தொடங்கி நான்குக்குக் குறைப்பவர்களும் உண்டு. தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் செய்யும் குறைப்பைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் சுவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரம்ஸ்காரர் வாசிக்கும்போதும் மெட்டும் கார்டு வரிசையும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்த நேரத்தில் மெட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டிருங்கள். எண்களை எண்ணுவதைவிட அது நம்பகமானது.

பேஸ்காரரின் வேலையைச் சாக்ஸபோனிலேயே கற்கலாம். கீழ் ஸ்தாயியில் அடிக்கு ஒரு ஸ்வரமாக, இடைவெளி விடாமல், ப்ளூஸின் சுற்றைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். தொடக்கத்துக்கு இரண்டு விதி போதும்: கார்டு மாறும் பாரின் முதல் அடியில் அந்தக் கார்டின் ஆதார ஸ்வரம் வர வேண்டும். அதற்கு முந்தைய அடியில், வரப்போகும் ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் மேலேயோ கீழேயோ நிற்க வேண்டும். இடையில் உள்ள அடிகளைக் கார்டின் ஸ்வரங்களால் நிரப்பிக்கொள்ளலாம். அலங்காரம் எதுவும் வேண்டாம். அப்படி வாசித்ததைச் செல்பேசியில் பதிவு செய்து வைத்து, மறுநாள் அதன் மேல் மெட்டை வாசித்துப் பாருங்கள். உங்கள் நடை எங்கே முந்துகிறது, எங்கே தளர்கிறது என்பதை அந்தப் பதிவு சொல்லிவிடும். வேறு ஆசிரியர் தேவைப்படாத பயிற்சி என்று நான் மதிப்பது இதைத்தான்.

பியானோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாத்தியம் எதுவானாலும் ஜாஸ் வாசிப்பவர் பியானோக் கட்டைகளின் முன் உட்கார்ந்தே ஆக வேண்டும். டிஸ்ஸி கில்லெஸ்பி டிரம்பெட்காரர்தான், ஆனாலும் கார்டுகளை அவர் பியானோவில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவர். அதற்குப் பெரிய பியானோ வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது ஒரு பழைய கீபோர்டு. அதிலும் இரண்டு விரல் போதும்.

ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் மூன்று கார்டு வரிசை ஒன்று உண்டு. சி ஸ்கேலில் (சி, டி, இ என்பவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்) அது டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த். ஒவ்வொரு கார்டிலும் நான்கு ஸ்வரம் இருந்தாலும், அதன் குணத்தைக் காட்டுபவை, ஆதார ஸ்வரத்திலிருந்து ஸ்கேலில் எண்ணினால் வரும் மூன்றாவதும் ஏழாவதும்தான். டி மைனரில் அவை எஃப், சி. ஜி செவன்தில் பி, எஃப். சி மேஜரில் இ, பி. இப்போது எஃப் மேல் ஒரு விரலும் அதற்கு மேலே உள்ள சி மேல் ஒரு விரலும் வையுங்கள். அடுத்த கார்டுக்குப் போக எஃப் அப்படியே நிற்கட்டும், சி மட்டும் அரை ஸ்வரம் இறங்கி பி ஆகட்டும். அதற்கடுத்த கார்டுக்கு பி நிற்கட்டும், எஃப் அரை ஸ்வரம் இறங்கி இ ஆகட்டும். அவ்வளவுதான். ஒரு விரல் நிற்க ஒரு விரல் நகர, கார்டு மாறுகிறது. நான் அதை முதலில் கேட்ட மாலையில் வேறு எதையும் வாசிக்கவில்லை. பன்னிரண்டு ஸ்வரங்களிலும் அந்த இரண்டு விரலையே வைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அதே ஸ்வரங்களைச் சாக்ஸபோனில் பாருக்கு ஒன்றாக நீட்டி வாசிக்க வேண்டும். சி, பி, பி என்று ஒரு முறை. எஃப், எஃப், இ என்று ஒரு முறை. அதன் பிறகு அவற்றுக்கு இடையே சின்னச் சின்ன வரிகளைக் கட்டலாம். பின்னால் பியானோ இல்லாமல், பேஸ் இல்லாமல், வெறும் சாக்ஸபோன் மட்டும் வாசிக்கும்போதும் கேட்பவருக்குக் கார்டு மாறுவது தெரிகிறதென்றால் பயிற்சி பலித்துவிட்டது என்று பொருள்.

கர்நாடக சங்கீதம் தெரிந்த பிள்ளைகள் இங்கே ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடிப்பார்கள். மேஜர் ஸ்கேலுக்கு ஒப்பான சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால் கரகரப்பிரியா, பஞ்சமத்தை ஷட்ஜமாக்கினால் ஹரிகாம்போதி. ஆகவே மூன்று கார்டுக்கும் இப்படி ஷட்ஜத்தை இடம் மாற்றும் கிரக பேதம் செய்துகொண்டே போகலாம் என்பார்கள். கணக்கு சரிதான். ஸ்வரங்கள் ஒன்றுகூடத் தவறாது. ஆனால் மூன்று கார்டுக்கும் இருப்பவை அதே ஏழு ஸ்வரம் என்பதால், எந்த ஸ்வரத்தில் எப்போது இறங்குகிறோம் என்பதைப் பொறுத்தே மாற்றம் கேட்கும். ராக அறிவு நமக்குப் பெரிய சொத்து. அதோடு இந்த இறங்குமிடங்களும் சேர வேண்டும். என்னைப் பார்க்கிற பலரும் "கத்ரி கோபால்நாத் மாதிரி வாசிப்பீர்களா?" என்று கேட்கிறார்கள். ஆல்டோ சாக்ஸபோனைக் கமகம் பேச வைத்த மேதை அவர். 2008இல் ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு அவர் சேர்ந்து வாசித்த தொகுப்பு வெளிவந்தது. இரண்டு ஆல்டோவும் அடுத்தடுத்து ஒலிக்கும் இடங்களில் ஒரே வாத்தியம் இரண்டு மரபுகளில் எப்படி மூச்சுவிடுகிறது என்று கேளுங்கள். எந்தப் பாடமும் அந்த அளவுக்குக் கற்றுத்தராது.

பாடகரையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நம் ஊரில் ஜாஸ் குழுவுக்கும் பாட வருபவர்கள் பெரும்பாலும் மெல்லிசை மேடையில் பழகியவர்கள், சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் (ஹார்மோனியக் கட்டைகளை எண்ணும் கணக்கு) சொல்வார்கள். தேவகோட்டையில் ஒரு வரவேற்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது, கல்யாண வீட்டு ஆச்சி பக்கத்தில் வந்து, "தம்பி, பேத்தி ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்கிறாள், வாசிப்பீர்களா?" என்று கேட்டார். சுருதி என்ன என்றேன். "ஐந்தரைக் கட்டை" என்றது அந்தப் பெண். ஐந்தரை என்றால் கீபோர்டில் ஏ ஃபிளாட். ஆல்டோ இ ஃபிளாட் வாத்தியம் (அதில் சி வாசித்தால் இ ஃபிளாட் ஒலிக்கும்) என்பதால் அதில் எஃப் ஆக வாசிக்க வேண்டும். பாடகர் சொன்ன சுருதியிலிருந்து மூன்று அரை ஸ்வரம் இறங்குங்கள் என்பதே ஆல்டோவுக்குச் சூத்திரம். நான்கு கட்டை எஃப், ஆல்டோவில் டி. ஒரு கட்டை சி, ஆல்டோவில் ஏ. இந்த மாற்றம் யோசிக்காமல் வர வேண்டும். ஆச்சி நின்றுகொண்டிருக்கும்போது காகிதம் தேட முடியாது. ஒவ்வொரு மெட்டையும் எல்லாச் சுருதிகளிலும் வாசித்துப் பழகச் சொல்வது இதற்காகத்தான். பாடல் வரிகளையும் மனப்பாடம் செய்யுங்கள். எங்கே சொல் முடிகிறதோ அங்கேதான் மூச்சு எடுக்க வேண்டும் என்பது அப்போது தெரியும்.

குறிப்பு வாசிப்பை எனக்குத் தீட்டிக் கொடுத்தது தேவாலயம். ஞானப்பாட்டுப் புத்தகத்தில் நான்கு குரலுக்கும் பியானோச் சுருதியில்தான் ஸ்வரக்குறிப்பு இருக்கும். பார்த்த மாத்திரத்தில் ஆல்டோவுக்கு மாற்றி, சில சமயம் இரண்டாம் குரலை வாசிக்கச் சொல்வார்கள். ஒரு டிசம்பர் மாதம் முழுவதும் அப்படி வாசித்தால் கண் பழகிவிடும்.

காது பழக வேறு வழி இல்லை, பதிவுகளிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும். 1937 கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் வேலைக்குப் போன இளம் சார்லி பார்க்கர், டெனர் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் சோலோக்களை இசைத்தட்டிலிருந்து கேட்டுக் கேட்டே கற்றுத் திரும்பினார் என்பது ஜாஸ் வரலாற்றில் பிரசித்தம். என் முறை இது: எட்டு பார் போதும், அதற்கு மேல் எடுப்பதில்லை. முதலில் பதிவோடு சேர்ந்து பாட வேண்டும், மூச்சும் அழுத்தமும் ஒத்துப்போகும்வரை. பாட வந்த பிறகே வாத்தியத்தைத் தொட வேண்டும். எழுதுவது கடைசியில், விரும்பினால். குருவிடம் பாடாந்தரமாகக் கற்கும் நம் முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. எழுதப்பட்டதை இணையத்தில் இறக்கி விரலால் வாசிப்பவர்களுக்கு ஸ்வரங்கள் வந்துவிடும், நாக்கால் அவற்றைத் தொடங்கி முடிக்கும் விதம் வராது.

இனி இந்த மண்ணுக்கே உரிய இரண்டு விஷயங்கள். ஒன்று வெயில். காற்று சூடேறினால் சாக்ஸபோனின் சுருதி ஏறும். கீபோர்டு 440 ஹெர்ட்ஸ் என்ற சுருதியிலேயே நிற்கும். சித்திரை மாதத்து மாலையில் முற்றத்தில் வாசிக்கும்போது, ஊதுவாயைக் கார்க்கிலிருந்து வழக்கத்தைவிடச் சற்று வெளியே இழுத்து வைத்தால்தான் ஒத்துப்போகும். குளிரூட்டிய அறையில் சுருதி சேர்த்துவிட்டு அப்படியே வெளியே போகாதீர்கள். வாத்தியத்தை வாசிக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் வைத்து, ஊதிச் சூடாக்கிய பிறகு சேர்க்க வேண்டும். ரீடுகளும் (ஊதுவாயில் பொருத்தும் நாணல் தகடுகள்) இந்தக் காற்றில் சீக்கிரம் உலர்ந்து வளையும். நாலைந்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். பெட்டியில் தட்டையான கண்ணாடிமேல் வைத்திருப்பேன். சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டு ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து எடுக்கும் நாதஸ்வரக்காரர்களைப் பார்த்து வந்த பழக்கம் இது.

இன்னொன்று வளவு, அதாவது செட்டிநாட்டு வீட்டின் முற்றப் பகுதி. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், கீழே ஆத்தங்குடிக் கல், பக்கத்தில் வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர். எல்லாமே கடினமான பரப்பு. வாசித்தது சுவரில் பட்டுத் திரும்பி வருவதற்குள் அடுத்த வரி போய் அதில் மோதும். பெபாப் என்ற ஜாஸ் பாணியின் வேகமான வரிகள் அங்கே ஒன்றோடொன்று கலந்து தெளிவிழக்கும். நீண்ட ஸ்வரங்களும், வரிக்கு வரி விட்ட மௌனமும், மெதுவான மெட்டுகளும் அதே வளவில் அற்புதமாகப் பரவும். கச்சேரிப் பட்டியல் தயாரிக்கும் முன் இடத்தில் போய்க் கை தட்டிப் பாருங்கள். ஓசை நீண்டால் உருப்படிகளை மாற்றுங்கள். மைக் செட்காரரிடம், மைக்கைச் சாக்ஸபோனின் வாய்க்குள் நீட்ட வேண்டாம், சாவிகள் இருக்கும் நடுப்பகுதியைப் பார்த்துச் சற்றுத் தள்ளி வைக்கட்டும் என்று சொல்லுங்கள். ஓசை துளைகளிலிருந்தும் வருகிறது, வாயிலிருந்து மட்டும் அல்ல.

சாதகத்துக்குக் கண்மாய்க்கரை சிறந்த இடம். திரும்பி வர ஒரு சுவரும் இல்லாததால் நம் நாதத்தின் உண்மையான அளவு தெரியும். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸ் 1959 முதல் 1961 வரை மேடையை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்று சாதகம் செய்தார். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். வீட்டுக்குள் ஊத முடியாதவர்கள் வருந்த வேண்டாம். கரையில் நின்று ஒரு ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடி மெலியவிட்டு நிறுத்துங்கள். சுருதி அசையக் கூடாது. அதைத்தான் முதலில் செய்வேன், மற்றதெல்லாம் பிறகு.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். நேரம், எத்தனை சுற்று, எத்தனை பேர், ஒலிபெருக்கி யாருடையது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, சாப்பாடு எப்போது, முன்பணம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் செல்பேசியிலாவது எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். கூட வாசிப்பவர்களுக்குரிய பணத்தை அன்றிரவே கொடுத்துவிடுங்கள். நல்ல டிரம்ஸ்காரர் மதுரையிலிருந்து மறுபடி பஸ் ஏறி வருவதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இப்போது கிளாரினெட் கற்கிறேன். பழைய ஜாஸுக்கு அது வேண்டும், இரண்டு வாத்தியம் வாசிப்பவருக்கு வாய்ப்பும் கூடும். சாக்ஸபோனில் ஸ்தாயிச் சாவியை அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். கிளாரினெட்டில் பன்னிரண்டாவது ஸ்வரத்துக்குத் தாவும். அதனால் மேலுக்கும் கீழுக்கும் விரல் வைக்கும் முறையே வேறு. கோயில் விழாக்களில் பேண்டு வாத்தியம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் சொல்லித் தருகிறார். அவருக்கு ப்ளூஸ் வேண்டுமாம். ஆறு ஆவர்த்தனக் கணக்கை அடுத்த வாரம் அவருக்குப் போட்டுக் காட்டப் போகிறேன், தவில் அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.